மலை ஏறுமா?

போன மாசம் இங்கே சிங்கப்பூர்ல நண்பர் ஒருத்தர் நாலு கார் படத்தை வாட்ஸப்ல அனுப்பினார். "சார், ஊர்ல அப்பா அம்மாவுக்கு ஒண்ணு வாங்கித் தரலாம்னு இருக்கேன். நீங்க சித்தூர்க்காரர், பேங்க்ல கார் லோன் பார்த்தவர், வண்டிப் பைத்தியம் வேற. எதை வாங்கலாம்?" நாலுலயும் சன்ரூஃப் உண்டு. ஒண்ணுல சீட்டுக்கே ஏசி. அவருக்குச் சொந்த ஊர் பாகாலா, அதாவது சித்தூர்லேர்ந்து திருப்பதி போற வழி. அதனால நான் பதிலுக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "மலை ஏறுமா?"

சிரிச்சுட்டார். "இந்தக் காலத்துல எந்தக் கார் சார் மலை ஏறாது?"

நியாயந்தான். ஆனா எங்க அப்பாவுக்கு வண்டி விஷயத்துல தெரிஞ்ச ஒரே கேள்வி இதுதான். எங்க ஜில்லாவுல மூணு தலைமுறை இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் வண்டியை மதிப்பு போட்டது. நண்பருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், அது எங்கெங்கேயோ போயிடுச்சு. அதான் இது.

எங்க பக்கம் திருமலைன்னு முழுசா யாரும் சொல்றதில்லை. தமிழ் பேசற வீட்டுல "மலை", தெலுங்கு பேசற வீட்டுல "கொண்ட". கீழ்த் திருப்பதிக்கும் மேல இருக்கிற கோயிலுக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 700 மீட்டர். ரொம்ப காலம் அதை ஏற ரெண்டே வழிதான். ஒண்ணு கால், இன்னொண்ணு டோலி. 1933-ல் தேவஸ்தான நிர்வாகம் வந்தபோது எங்க சித்தூர் ஜில்லா சென்னை மாகாணத்துல இருந்தது. மலைக்கு மோட்டார் ரோடு போட்டதும் அந்தக் காலத்துலதான். 1944 ஏப்ரல் 10-ம் தேதி சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப் திறந்து வச்சார். உலக யுத்தம் நடந்துட்டிருக்கு, பெட்ரோல் ரேஷன்ல கிடைக்குது, அந்த நேரத்துல மலைக்கு ரோடு! 19 கிலோமீட்டர், 36 கொண்டை ஊசி வளைவு. எங்க தாத்தா கடைசி வரைக்கும் நடந்துதான் ஏறினார். "நடக்கிறவனுக்குப் புண்ணியம், பஸ்ல போறவனுக்கு டிக்கெட்டு"ம்பார். (பாட்டி மட்டும் டிக்கெட்டே போதும்னு பஸ்ல போயிடுவாங்க.)

ஒரே ரோட்டுல ஏறவும் இறங்கவும் 30 வருஷம் ஓட்டினாங்க. 1974-ல் தான் ரெண்டாவது ரோடு வந்தது. அப்புறம் ஏற புது ரோடு, இறங்கப் பழைய ரோடுன்னு ஆச்சு. இன்னைக்கும் அப்படித்தான்.

நிற்க. ரோடு வந்தாச்சு. வண்டி எங்கே?

1953-ல் ரெண்டு விஷயம் நடந்தது. அக்டோபர் 1-ம் தேதி ஆந்திர மாநிலம் பிரிஞ்சு, சித்தூர் அந்தப் பக்கம் போச்சு. அது எல்லாருக்கும் தெரியும். இன்னொண்ணு டாரிஃப் கமிஷன் சொன்ன யோசனை: உள்நாட்டுலயே பாகம் பாகமா கார் தயாரிக்கத் திட்டம் இருக்கிறவங்க மட்டும் இருக்கலாம், வெளிநாட்டுப் பெட்டியைப் பிரிச்சு மாட்டிக் கொடுக்கிறவங்க கிளம்பலாம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டினாங்க. கார்னு சொல்லிக்க மிஞ்சினது மூணு. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவுல பிர்லாவோட ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய்ல வால்சந்த் ஹீராசந்தோட பிரீமியர், நம்ம சென்னையில ஸ்டாண்டர்டு. அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு. அவ்வளவுதான் இந்தியா.

முதல் ரெண்டும் தூரத்து ஊர் வண்டி. மாநிலம் பிரிஞ்சும் எங்க ஊர் மெக்கானிக்குகளுக்கு சாமான் வாங்க சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுதான், பழசுக்குப் புதுப்பேட்டைதான். ராத்திரி பஸ் ஏறி, காலையில கார்பரேட்டரோட திரும்பி வருவாங்க. அரசாங்கம் எல்லையை மாத்தலாம். வால்வு சீட்டு எங்கே கிடைக்குதோ அதுதான் மெக்கானிக்குக்குத் தலைநகரம் :-)

காசு இருந்தாலும் அந்தக் கார்களை நினைச்சவுடனே வாங்க முடியாது. 1959-லேயே கார் விநியோகத்துக்குக் கட்டுப்பாட்டு உத்தரவு போட்டாச்சு. டெபாசிட் கட்டிப் பேரைப் பதிஞ்சு வருஷக்கணக்கில காத்திருக்கணும். விலையையும் சர்க்காரே நிர்ணயம் பண்ணி, அது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் வழக்காப் போச்சு. பி.காம்.ல எங்களுக்குச் சொல்லித் தந்தது இதுதான்: ஒரு சாமானை சந்தை விலைக்குக் கீழே கட்டி வச்சா, மிச்ச விலை வேற எங்கேயாவது வெளியே வரும். காரோட மிச்ச விலை ரெண்டு இடத்துல வந்தது. ஒண்ணு, காத்திருந்த வருஷங்கள். இன்னொண்ணு, கைமாத்தும்போது மேல வாங்கின பிரீமியம். புது வண்டியைவிட ஓடின வண்டிக்கு விலை ஜாஸ்திங்கற கூத்து அப்போ நடந்தது.

இந்த மாதிரி நிலைமையில எது நல்ல வண்டின்னு கேட்கிறதுக்கே அர்த்தம் இல்லை. கிடைச்சதுதான் நல்ல வண்டி. எங்க ஊருக்கு மட்டும் ஒரு பரீட்சை இருந்தது. மலை.

நான் சின்னப் பையனா இருந்தப்ப வருஷத்துக்கு ஒரு தடவை வாடகை டாக்ஸி எடுத்துப் போவோம். சித்தூர் காந்தி சிலையிலேர்ந்து கிளம்பி, காணிப்பாக்கம் கைகாட்டியில ஒரு கும்பிடு, பூதலப்பட்டு, பாகாலா, சந்திரகிரி, திருப்பதி. எழுபது கிலோமீட்டர் சொச்சம். டிரைவர் அலிபிரியில நிறுத்தி ரேடியேட்டர்ல விளிம்பு வரைக்கும் தண்ணி நிரப்புவார். டிக்கியில ஒரு கேன், கூட ஒரு கோணித்துணி. பாதி மலையில வண்டி திணறி நிக்கும். பானட்டைத் திறந்து, கோணியை நனைச்சுப் பெட்ரோல் பம்ப் மேல சுத்துவார். நாங்க ஓரமா நின்னு புளிசாதம் சாப்பிடுவோம். "ஏமி காது, சாமி" (ஒண்ணும் ஆகாது) என்பார். நிஜமாவே ஒண்ணும் ஆகாது. கால் மணியில கிளம்பிடும்.

அந்தக் கோணித்துணியோட பின்னணி எனக்கு ரொம்பப் பின்னாடிதான் புரிஞ்சது. அந்தக் கால வண்டிகள்ல பெட்ரோல் பம்ப் இஞ்சினோட ஒட்டியே இருக்கும். கீழ் கியர்ல மெதுவா ஏறும்போது காத்து கம்மி, சூடு ஜாஸ்தி. பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிடும். ஆவியைப் பம்ப் இழுக்காது. ஈரத்துணி சுத்தினா குளிர்ந்து மறுபடி திரவமாகும். இறங்கறதுக்கும் ஒரு சட்டம் வச்சிருந்தார் அந்த டிரைவர்: "எந்த கியர்ல ஏறுவியோ அதே கியர்ல இறங்கு." டிரம் பிரேக்கை விடாம மிதிச்சா சூடேறிப் பிடிக்காமப் போகும், இஞ்சினே வண்டியைப் பிடிச்சு வைக்கணும்னு அர்த்தம். இன்னைக்கு ஆட்டோமேட்டிக் வச்சிருக்கிற நண்பர்களுக்கும் நான் சொல்றது இதையேதான். இறங்கும்போது டி-யில விட்டுட்டு பிரேக்கை மிதிச்சிட்டே வராதீங்க. மேனுவல் மோடு, இல்லேன்னா எல்.

இப்போ மாருதி கதை. இது எங்க வீட்டுக் கதையும்கூட.

மாருதி உத்யோக் 1981-ல் பதிவாச்சு. 1982 அக்டோபர்ல சுசுகியோட ஒப்பந்தம். 1983-ல் புக்கிங் திறந்தாங்க, டெபாசிட் 10,000 ரூபாய். ரெண்டு மாசத்துல ஒரு லட்சத்துக்கு மேல ஆட்கள் பணம் கட்டினாங்க. அப்போ அந்த வண்டி இந்தியாவுல ஒண்ணுகூட ஓடலை! யார் முதல்லன்னு கம்ப்யூட்டர் குலுக்கல். 1983 டிசம்பர் 14-ம் தேதி டில்லியில இந்திரா காந்தி கையால முதல் சாவியை வாங்கினவர் ஹர்பால் சிங், இந்தியன் ஏர்லைன்ஸ் ஊழியர். விலை ஏறக்குறைய 48,000 ரூபாய். பழைய ஃபியட்டை வித்துட்டு அதை வாங்கினவர், சாகற வரைக்கும் அந்த வண்டியைக் கைவிடலை.

அந்த ஒரு லட்சத்துச் சொச்சம் பேர்ல எங்க அப்பாவும் ஒருத்தர். சித்தூர்ல வெல்ல மண்டியில கமிஷன் வியாபாரம். டிராஃப்ட் எடுத்த ரசீதை சாமி படத்துக்குப் பின்னாடி வச்சிருந்தார். மண்டியில எல்லாரும் கிண்டல். "சோப்பு டப்பாவுக்கா பத்தாயிரம்? 800 சிசி எங்கே மலை ஏறும்?" அவங்க கேட்டதுல தப்பில்லை. அம்பாசடருக்கு 1489 சிசி, ஃபியட்டுக்கு 1089. இது 796, மூணே சிலிண்டர்.

ஆனா கணக்கு சிசியில இல்லை, எடையில இருக்கு. அம்பாசடர் ஆயிரத்து நூறு கிலோவுக்கு மேல, சக்தி சுமார் 50 குதிரை. மாருதி ஏறக்குறைய 650 கிலோ, 39 குதிரை. டன்னுக்கு எத்தனை குதிரைன்னு வகுத்துப் பாருங்க. அங்கே 45 வந்தா இங்கே 60. மலை ஏறும்போது வண்டி முதல்ல தூக்கறது தன்னைத்தான். குண்டு ஆளுக்கும் ஒல்லி ஆளுக்கும் படிக்கட்டுல என்ன வித்தியாசமோ அதுதான்.

எங்க வண்டி 1986-ல் வந்தது. எனக்கு எட்டு வயசு. வெள்ளை நிறம், சீட்டுல பாலிதீன் உறை. மறுநாளே காணிப்பாக்கத்துல பூஜை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சு ஏத்தினோம். நாலாம் நாள் மலைக்குக் கிளம்பினோம். அப்பா, அம்மா, பாட்டி, அத்தை, அக்கா, நான். அத்தனை பேர் அந்த டப்பாவுக்குள்ள! பழக்க தோஷத்துல அப்பா பின்னாடி ஒரு தண்ணி கேன் வச்சுக்கிட்டார், கூட கோணித்துணி. வண்டி நிக்கவே இல்லை. ஓரமா பானட்டைத் திறந்துகிட்டு நின்ன பெரிய வண்டிகளை ஒண்ணொண்ணா தாண்டிப் போச்சு. அப்பா வாயே திறக்கலை, சிரிப்பை அடக்கிட்டு ஓட்டினார். மேல போய் பார்க்கிங்ல இறங்கினப்போ பாட்டி கேட்டாங்க: "புளிசாதம் எங்கேடா சாப்பிடறது?" கேன் மூடியே திறக்காம வீடு வந்து சேர்ந்தது.

ஒன்பதாம் நாள் வேலூர்லேர்ந்து ரெண்டு பேர் வந்தாங்க. அந்த வருஷம் மண்டியில பெரிய பாக்கி ஒண்ணு வராக்கடனாப் போயிருந்தது. அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. கார் நின்ன இடத்துல ரொக்கம் வந்தது. வாங்கின விலைக்கு மேலேயும் ஒரு தொகை கிடைச்சதுன்னு பின்னாடி அம்மா சொன்னாங்க. வண்டி தெருமுனை திரும்பற வரைக்கும் நாங்க வாசல்ல நின்னோம். அத்தை மட்டும் உள்ளேயே இருந்தாங்க. இன்னைக்கும் கல்யாண நாளுக்கு யாராவது வாழ்த்து சொன்னா "அண்ணன் கார் நாள்"னு சொல்லிட்டு முகத்தைத் திருப்பிக்குவாங்க.

கேன் மட்டும் வீட்டுலயே தங்கிடுச்சு.

1993-ல் கார் தயாரிக்க லைசன்ஸ் தேவையில்லைன்னு ஆச்சு. 1998-ல் எங்க ஊர்லேர்ந்து ரெண்டு மணி நேர தூரத்துல, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில சான்ட்ரோ வந்தது. அதே வருஷம் டாடா இண்டிகாவும் வந்தது. கியூ காணாமப் போச்சு. இதெல்லாம் நீங்களே பார்த்திருப்பீங்க, நான் வளர்த்தலை. எனக்குச் சொல்லணும்னு தோணறது கியூ போன இடத்துல என்ன வந்து உட்கார்ந்ததுங்கறதைத்தான். கடன்.

அதுக்கு முன்னாடி பேங்க்ல கார் லோன்னு போனா ஏற இறங்கப் பார்ப்பாங்க, கார் ஆடம்பரம். வண்டிக்குக் கடன்னா ஹையர் பர்ச்சேஸ் கம்பெனிதான். அதுல சென்னை முன்னோடி, சுந்தரம் ஃபைனான்ஸ் 1954-லேயே தொடங்கியாச்சு. ஆனா அதெல்லாம் பெரும்பாலும் லாரிக்கும் பஸ்ஸுக்கும். 2000-க்கு அப்புறம் நான் திருப்பதியில கிளை அதிகாரியா உட்கார்ந்தப்போ நிலைமை தலைகீழ். லோன் மேளா போட்டு, பந்தல் கட்டி, "வாங்க வாங்க"ன்னு கூப்பிட்டோம். அப்போ என் மேஜைக்கு வந்த ஒரு ஸ்கூல் வாத்தியாரை மறக்க முடியலை. வெளியில ஒருத்தர் "12 பர்சென்ட்"க்குத் தர்றாராம், எங்க பேங்க்ல 13-ஆம், அதனால அங்கேயே வாங்கிக்கிறேன்னு சொல்ல வந்தார், மரியாதைக்காக.

நான் காகிதத்தை எடுத்தேன். அந்த 12 "ஃபிளாட்". லட்ச ரூபாய்க்கு வருஷம் 12,000, அஞ்சு வருஷத்துக்கு 60,000. மொத்தம் 1,60,000, மாசம் 2,667. ஆனா மாசா மாசம் அசலும் குறையுதே? மூணாவது வருஷக் கடைசியில பாதிக் கடனுக்கு மேல அடைச்ச பின்னாடியும் முழு லட்சத்துக்கே வட்டி கட்டறீங்க. குறையற பாக்கிக்குப் போட்டுப் பார்த்தா அது 20 பர்சென்டுக்கு மேல. வாத்தியார் கணக்கு வாத்தியார்! தலையில அடிச்சுக்கிட்டார். இன்னைக்கும் ஊர்ல யாராவது ரேட் சொன்னா "ஃபிளாட்டா, ரெட்யூசிங்கா"ன்னு முதல்ல கேளுங்க. சன்ரூஃப் பத்தி அப்புறம் பேசலாம்.

இந்த ஜில்லாவே பின்னாடி வண்டி உலகத்துக்குள்ள வந்தது இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவுல இன்ஜினியரா இருந்த கல்லா ராமச்சந்திர நாயுடு திரும்பி வந்து, 1985-ல் அமர ராஜாவை ஆரம்பிச்சார். திருப்பதி பக்கத்துல கரக்கம்பாடியில தொழிற்சாலை. 2000-ல் அமரான்னு கார் பேட்டரி வந்தது. அம்பாசடருக்குக் கடைசி காலத்துல புது உயிர் கொடுத்தது ஜப்பான் இசுசு இஞ்சின். அந்த இசுசு 2016-ல் எங்க ஜில்லாவுலேயே, ஸ்ரீசிட்டியில, சொந்த ஃபேக்டரி திறந்தது. அம்பாசடர் தயாரிப்பு 2014 மே மாசமே நின்னு போச்சு. அதே 2014 ஜனவரியில மாருதி 800-ம் நின்னது. (2022-ல் ஜில்லாவைப் பிரிச்சதுல ஸ்ரீசிட்டி திருப்பதி ஜில்லாவுக்குப் போயிடுச்சு. எங்களுக்குப் பிரியறது பழக்கம்தானே.)

சிங்கப்பூருக்கு வந்த புதுசுல சிஓஇ பத்தி அப்பாகிட்ட போன்ல சொன்னேன். 1990-லேர்ந்து இங்கே கார் வாங்கறதுக்கு முன்னாடி, கார் வாங்கற உரிமையை ஏலத்துல எடுக்கணும். பத்து வருஷத்துக்குத்தான் செல்லும். 2023 அக்டோபர்ல பெரிய கார் வகைக்கு ஒன்றரை லட்சம் வெள்ளியைத் தொட்டது. லட்சம் வெள்ளின்னே வச்சுக்கிட்டாலும் நாளுக்கு 27 வெள்ளி, வண்டி நின்னாலும் ஓடினாலும். அப்பா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அப்போ எங்களைக் காக்க வச்சாங்க, இப்போ உங்களை ஏலம் விடறாங்க. காத்திருந்ததுல காசாவது மிச்சம்"ன்னார். நான் ஒத்துக்கலை. கியூவுல காத்திருந்தவங்க ஒன்பது நாள்ல வித்ததை நான் பார்த்திருக்கேன். ஆனா அதை போன்ல சொல்ல முடியுமா? நான் இங்கே கார் வாங்கலை. எம்ஆர்டி-ல போறேன், ஊருக்குப் போறப்ப ஓட்டறேன்.

ஊர்ல ஓட்டறது 2010-ல் அப்பாவுக்கு வாங்கித் தந்த வேகன் ஆர். ஏபி 03 நம்பர், அதாவது சித்தூர். 2019-ல் மாநிலம் பூரா புது வண்டிக்கு ஏபி 39-ன்னு ஒரே நம்பர் ஆனதுல, இதுல அப்பாவுக்குத் தனிப் பெருமை. இந்த வருஷம் 15 வருஷம் முடிஞ்சு ஆர்சி தீர்ந்தது. திரும்பப் பதிவு பண்ண 5,000 ரூபாய் ஃபீஸ், மேல வரி, ஃபிட்னஸ். அப்பாவுக்கு 82. கண் ஆபரேஷனுக்கு அப்புறம் ஓட்டறதில்லை. வருஷத்துல ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாம, ஷெட்லயே நின்னு பேட்டரி ரெண்டு தடவை செத்துப் போச்சு. அக்கா சொல்றா, வித்துடு, வேணும்னா டாக்ஸி கூப்பிட்டுக்கலாம்னு. பேங்க் ஆபீசரா நானும் அதையேதான் சொல்வேன். என் நண்பருக்கும் அதைத்தான் எழுதினேன்: அப்பா அம்மா மாசம் நாலு தடவைக்கு மேல வெளியே போகலேன்னா கார் வேண்டாம், டாக்ஸிக்குப் பணம் போட்டு வைங்க. வாங்கியே தீரணும்னா சின்னப் பெட்ரோல் வண்டி, டீசல் வேண்டாம், வாரம் ஒரு தடவை யாராவது ஓட்டணும்.

ஆர்சி முடியறதுக்கு முந்தின வாரம் லீவு போட்டு ஊருக்குப் போனேன், விக்கிறதைப் பத்திப் பேச. அப்பா, "பேசலாம், முதல்ல மலைக்குப் போயிட்டு வந்துடலாம்"ன்னார். போனோம். அலிபிரியில டோல். இப்போ மேல ஏற 28 நிமிஷம், இறங்க 40 நிமிஷம், அதுக்கு முன்னாடி போய்ச் சேர்ந்தா அபராதம். எங்க காலத்துல எப்போ போய்ச் சேருவோம்னுதான் கவலை, சீக்கிரம் போயிடுவோமோங்கற கவலை இல்லை :-) எங்களைத் தாண்டி ஒரு பஸ் சத்தமே இல்லாம போச்சு. 2022-லேர்ந்து ஓடற எலக்ட்ரிக் பஸ். அப்பா திரும்பித் திரும்பிப் பார்த்தார். "புகையே இல்லையே, அது மலை ஏறுமா?"

"அதான் ஏறுதே."

"இறங்கும்போது?"

இறங்கும்போது மோட்டாரே வண்டியைப் பிடிச்சு பேட்டரிக்குக் கரண்ட் திருப்பி விடும்னு சொன்னேன். பழைய டாக்ஸி டிரைவர் சொன்னதுதான், ஆனா அந்தச் சூடு வீணாப் போகலை. அப்பா, "அவன் கெட்டிக்காரன்டா"ன்னார். எவன்னு நான் கேட்கலை.

வீட்டுக்கு வந்து பையை எடுக்க டிக்கியைத் திறந்தேன். மூலையில அந்தக் கேன். பிளாஸ்டிக் மஞ்சளாகிப் போயிருந்தது, உள்ளே தண்ணி இருந்தது. அப்பா அதை எடுத்து வாசல் செம்பருத்திக்கு ஊத்தினார். குழாய்ல புதுத் தண்ணி பிடிச்சு, மூடியைத் திருகி, பழைய இடத்துலயே வச்சார். "ஆர்டிஓ ஆபீஸுக்கு நாளைக்குக் காலையிலேயே போயிடலாம், லேட்டானா கூட்டம் வந்துடும்"ன்னு சொல்லிட்டு உள்ளே போனார்.